கூசும் கண்கள்

ஒட்டகத்துக்கு எத்தனை இமை என்று கேட்டால், அந்த உப்பளத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லும். கண்ணுக்கு மூன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று, மூக்கோரத்திலிருந்து குறுக்கே ஓடிவந்து மணலைத் துடைத்துவிட்டுப் போகிற மூன்றாவது ஒன்று. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிற பிள்ளைகூட இதில் தவறியதில்லை. எப்சிபா டீச்சர் இருபத்தாறு வருஷமாக அந்தப் பாடத்தை அப்படித்தான் நடத்திவந்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு வாரம் அதற்கென்றே ஒதுக்கியிருந்தது. 'உயிர்களும் உறுப்புகளும்' என்று பெயர். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பாத்திகள். நடுவில் தேங்கிய நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். எப்சிபா அவற்றிலிருந்துதான் தொடங்குவாள்.

"ஏல மைக்கேல், அந்தப் பறவைக்கு மூக்கு ஏன் அப்படி வளைஞ்சிருக்கு?"

"சண்டையில யாரோ குத்திட்டாவ டீச்சர்."

வகுப்பு சிரித்து அடங்கும்வரை காத்திருப்பாள். பிறகு தலையைக் கவிழ்த்து, தன் கையையே அலகாக்கி, தண்ணீரை உறிஞ்சித் துப்பிப் பூச்சியை மட்டும் நிறுத்திக்கொள்ளும் விதத்தை நடித்துக் காட்டுவாள். "உங்க அம்மா டீ வடிகட்டுறாள்ல, அந்த வடிகட்டிதான் அது வாய்க்குள்ள இருக்கு" என்பாள். அடுத்து பல்லி. வால் போனாலும் உயிர் மிச்சம். அடுத்து, எங்கேயோ தூரத்துத் தீவில் கடலுக்குள் முங்கி மேயும் ஓணான். தின்ற உப்பையெல்லாம் மூக்கு வழியாகத் தும்மியே வெளியேற்றிவிடும் அது. அன்றைக்கு முழுக்க வகுப்பில் ஒரே தும்மலாக இருக்கும். "ஒவ்வொரு உயிருக்கும் அது வாழுற இடத்துல பிழைச்சுக் கிடக்க ஒரு அதிசய உறுப்பு இருக்கு. பாத்தா கோணலா, கேலியா இருக்கும். ஆனா அதுதான் அதைக் காப்பாத்துது" என்று முடிப்பாள். பிள்ளைகள் அதைச் சேர்ந்து சொல்லும்.

கடைசி நாள் ஒரு கைக்கண்ணாடி வரிசையாகக் கைமாறும். கண்ணின் மூக்கோரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு சின்ன மடிப்பு இருக்கிறதே, அதைப் பிள்ளைகள் தேடிப் பார்க்க வேண்டும். மனிதனுக்கும் ஒரு காலத்தில் மூன்றாவது இமை இருந்தது. தேவையில்லாமல் போனதால் சுருண்டு படுத்துவிட்டது. உப்பளக் கம்பெனி கொடுக்கும் சொட்டு மருந்தை நாற்பது நாள் விட்டால் அது விழித்துக்கொண்டு வளரும். வெளிச்சம் கூடியவுடன் தானாகவே குறுக்கே வந்து மூடும். நனைந்த எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும். அதன் வழியே முகம் தெளிவாகத் தெரியாது. பாத்தி தெரியும், வரப்பு தெரியும், கையிலிருக்கும் பலகை தெரியும். உப்பு வார அது போதும். ஒரே நிபந்தனை, பத்து வயதுக்குள் விட வேண்டும். பிறகு அந்த மடிப்பு எழுந்திருக்காது.

அதோடு தன் அம்மாவின் கதையையும் சொல்வாள். தங்கபுஷ்பம் இதே உப்பளத்தில் வேலை செய்தவள். வெள்ளைத் தரையைப் பார்த்துப் பார்த்து நாற்பத்தாறு வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. டீ தம்ளரை மேஜை முழுக்கத் தடவித் தேடுவாள். சூடான டீ மடியில் கொட்டும். அதைச் சொல்லும்போது எப்சிபாவின் குரல் எல்லா வருஷமும் ஒரே இடத்தில் கம்மும். நடிப்பில்லை. அம்மாவின் கண்ணுக்குக் கொடுக்க முடியாததை ஊர்ப்பிள்ளைகளின் கண்ணுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவள் மனதார நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் இத்தனை வருஷம் நன்றாகத் தூங்கினாள்.

பாடம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வருவார். அப்பா அம்மா கையெழுத்து மட்டும் சட்டத்துக்குப் போதாது. பிள்ளை தன் வாயால், பாடம் புரிந்து, தனக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். புரிந்ததா இல்லையா என்று எழுதுவது வகுப்பு டீச்சரின் வேலை. 'புரிந்தது' என்று எழுதினால் பிள்ளை சொன்னதுதான் முடிவு. 'புரியவில்லை' என்று எழுதினால் முடிவு டாக்டர் கைக்குப் போகும். டாக்டர் சொட்டு மருந்தை எடுத்துவிடுவார். இந்த இரண்டாவது வழிக்கு இதுவரை வேலையே வந்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சுடர்க்கனி எழுந்து நின்றாள். இருபத்தெட்டுப் பேரில் அவள்தான் கெட்டி. பேச்சித்தாய் மகள். அடுத்த மாதம் பத்து வயது முடிகிறது.

"எனக்கு வேண்டாம் டீச்சர்."

"என்னட்டி சொன்ன?"

"இமை வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

சுடர் கால் பெருவிரலால் தரையைக் கீறினாள். "ஒட்டகம்தான் பாலைவனத்துல நிக்கணும்னு யாரு டீச்சர் சொன்னா? பூநாரைக்கு மூக்கும் இருக்கு, றெக்கையும் இருக்கு. உப்பு ரொம்பக் கூடிட்டா அது போயிருமே."

எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. கெட்டிக்காரப் பிள்ளை வாயில் யாரோ வார்த்தையை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். யாரோ என்ன, அந்தப் பேச்சித்தாய்தான். சொட்டு மருந்து வந்த வருஷம் பேச்சித்தாய்க்குப் பதினொன்று. ஒரு வருஷத்தில் தப்பிவிட்டது. தனக்குக் கிடைக்காதது மகளுக்கு எதற்கு என்று பிடிவாதம் பிடிக்கிறாள் போல. நாளைக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கறுப்புக் கண்ணாடியும் குடையுமாக எப்சிபா வரப்பில் நடந்தாள். அந்தப் பள்ளியில் வேலை பார்த்தாளே தவிர, உப்பளத்துக்குள் அவள் கால் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. ஐந்து வயதிலேயே அம்மா அவளை டவுன் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். இப்போதும் வீடு டவுனில்தான். வருவதும் போவதும் பஸ்ஸில்.

நாலாம் செட்டில் நாற்பது பேர் பாத்திகளில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முப்பத்தொன்பது பேருக்கும் இமை விழுந்து, கண் இருக்குமிடம் பால் நிறத்தில் இருந்தது. பேச்சித்தாய் ஒருத்திதான் தலைத்துண்டை நெற்றிக்கு இறக்கிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை செய்தாள். கறுப்புக் கண்ணாடி உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் பூத்துப்போய் ஒன்றும் தெரியாமலாகிவிடும் என்பதால் அங்கே யாரும் போடுவதில்லை.

எப்சிபா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சித்தாய் பலகையைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தமாக, "கூசுது!" என்றாள்.

மற்ற முப்பத்தொன்பது பலகையும் ஒரே நேரத்தில் நின்றன. கங்காணி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவந்தார். பேச்சித்தாயின் கண்ணை விரலால் விரித்து ஒரு சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். இமை இல்லை, கண் சிவந்து தண்ணீர் கொட்டுகிறது. கையிலிருந்த கருவியில் மணியைக் குறித்துக்கொண்டு போனார். செட்டு முழுவதும் கரையேறியது. பக்கத்துப் பாத்திகளில் ஏழாம் செட்டு தலை நிமிராமல் வாரிக்கொண்டே இருந்தது.

ஓலைக் கொட்டகை நிழலில் பேச்சித்தாய் கண்ணில் தண்ணீரடித்துக் கழுவும்போதுதான் டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இந்த வெயில்லயா வந்திய? உக்காருங்க."

"உக்கார வரல. சுடர் இமை வேண்டாம்ங்கா. நீதான் சொல்லிக் குடுத்தியா பேச்சி?"

பேச்சித்தாய் முகத்தைத் துடைத்தாள். நேராகப் பதில் சொல்லாமல், "ஏழாம் செட்டைப் பாத்தியளா?" என்றாள்.

"பாத்தேன். இன்னும் வேலை செய்யாங்க."

"மூணு மணி வரைக்கும் செய்வாவ. சில நாள் நாலு. நாங்க பத்தே முக்காலுக்கு ஏறிட்டோம். ஏன்னு தெரியுமா?"

"உனக்குக் கண் கூசிச்சு."

"அதான். எங்க ஆச்சி காலத்துல ஒரு வருஷம் ஏழு பேருக்குக் கண்ணு போச்சு. அப்போ பெரிய ஸ்ட்ரைக் நடந்து ஒப்பந்தம் போட்டாவ. செட்டுல ஒருத்தருக்குக் கண்ணு கூசுனா செட்டே கரையேறலாம். சூடு தாங்கலன்னு சொன்னா ஏற முடியாது, தலை சுத்துதுன்னு சொன்னா ஏற முடியாது. கூசுதுன்னாதான் ஏறலாம். இன்னைக்கும் அந்த ஒப்பந்தம் அப்படியே இருக்கு. கம்பெனி அதைத் தொடவே இல்ல."

"நல்லதுதானே."

"தொட வேண்டிய தேவை அவியளுக்கு இல்ல டீச்சர். கூசுதவன் இல்லாமப் பண்ணிட்டா போதும்லா."

எப்சிபா நின்றபடியே இருந்தாள். கைக்குடையை மடக்கவும் தோன்றவில்லை.

"இமை உள்ளவன் கூசுதுன்னு சொன்னா கங்காணி விளக்கடிச்சுப் பாப்பாரு. மூடியிருக்கே, பொறவு என்னல கூச்சம், வாருன்னுவாரு. ஏழாம் செட்டுல எல்லாருக்கும் இமை. உங்ககிட்டப் படிச்ச ஜெபராஜ் அந்த செட்டுதான்."

"தெரியும். போன சித்திரையில சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். மாரடைப்புன்னாங்க."

"நான்தான் முதல்ல ஓடிப்போய்த் தூக்குனேன். மணி ஒன்னே முக்கால். உடம்பு அடுப்புல வச்ச சட்டி கணக்கா கொதிச்சுது. இமையத் தள்ளிப் பாத்தேன் டீச்சர், கண்ணுல ஒரு சேதாரம் கிடையாது. பளிங்கு மாதிரி இருந்துச்சு."

ஜெபராஜ். கடல் ஓணான் பாடத்தன்று மூன்று நாள் விடாமல் தும்மிக் காட்டி அடிவாங்கியவன். அவன் தாளிலும் அவள் 'புரிந்தது' என்றுதான் எழுதியிருந்தாள். எப்சிபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது என்று அவள் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தது பொய்யில்லை. அந்த வெளிச்சம்தான் உடம்பு வேகுமுன் ஆளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயன்றதுமில்லை.

"கூசுதுன்னு சொல்லுதவளுக்கு எங்களுக்குள்ள கண்ணுக்காரின்னு பேரு" என்றாள் பேச்சித்தாய். "எனக்கு முன்னாடி ஒருத்தி, அவளுக்கு முன்னாடி ஒருத்தி. உங்க அம்மாவும் கண்ணுக்காரிதான். தங்கபுஷ்பம் சத்தம் போட்டுத்தான் எங்க அம்மால்லாம் கரையேறுனாவ. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஹாஸ்டல் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்து ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்துக்கொள்வாள். பிள்ளைக்கு அது சோம்பலாகத் தோன்றியதுண்டு. அம்மா எதையும் சொல்லவில்லை. வகுப்பில் இருபத்தாறு வருஷம் அம்மாவைப் பரிதாபத்துக்குரியவளாக நிறுத்திக் காட்டியதை நினைத்து எப்சிபாவுக்கு உடம்பு கூனிக் குறுகியது.

"அப்போ அடுத்தவ சுடரா?" என்றாள் கோபத்துடன். "நாப்பது பேர் வீட்டுக்குப் போகணும்னு பெத்த பிள்ள கண்ணைக் குடுத்துருவியா?"

"நான் குடுக்கல டீச்சர். செட்டுல எல்லாருக்கும் ஆசைதான். வாய் விட்டுக் கேக்கல, அவ்வளவுதான். அவளுக்குப் பிறந்தநாள் வந்தா வீடு தேடி வந்து மிட்டாய் குடுக்காவ, தலையத் தடவுதாவ. அவ புரிஞ்சுக்கிட்டா. அவளா முடிவு பண்ணிட்டா. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். 'நீ மட்டும் ஏம்மா செய்யுத'ன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் எப்சிபாவின் அருகில் குனிந்தாள். இமை விலகி, இப்போது சாதாரணக் கண்ணோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த செட்டுக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இப்பவே பொழுது சாஞ்சா அவ மூஞ்சி மங்கலாத்தான் தெரியுது. எனக்கு வந்தது அவளுக்கு வேண்டாம். திங்கக்கிழமை அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. நீங்க 'புரியவில்லை'ன்னு எழுதிருங்க. டாக்டரு மருந்த விட்டுருவாரு. உங்க கால்ல விழுதேன் டீச்சர். இது நமக்குள்ள இருக்கட்டும்."

"சரி" என்றாள் எப்சிபா. யோசிக்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

திங்கட்கிழமை டாக்டர் ரகுநந்தன் வந்தார். சின்ன வயது, தன்மையானவர், பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொண்டுவருகிறவர். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேஜை முன் வந்து நின்று ஒப்பித்தார்கள். ஒட்டகத்தின் மூன்றாம் இமை மணலிலிருந்து ஒட்டகத்தைக் காக்கிறது. என் மூன்றாம் இமை வெளிச்சத்திலிருந்து என்னைக் காக்கும். எனக்கு அது வேண்டும். மைக்கேல் அவசரத்தில் இமைக்குப் பதில் பூநாரையின் மூக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எப்சிபா இருபத்தேழு தாளிலும் 'புரிந்தது' என்று எழுதினாள். இவர்களில் யாருக்கு என்ன புரிந்தது? தான் பாதிப் பாடத்தைத்தானே நடத்தினோம்? நிறுத்தலாமா என்று ஒவ்வொரு தாளிலும் நினைத்தாள், ஒன்றிலும் நிறுத்தவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காக அவள் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

கடைசியாகச் சுடர்க்கனி வந்தாள். வராண்டாத் தூண் ஓரம் பேச்சித்தாய் வந்து நின்றதை எப்சிபா பார்த்தாள்.

"சொல்லும்மா. மூணாவது இமை எதுக்கு?" என்றார் டாக்டர்.

"கண்ணு கூசாம இருக்க."

"கெட்டிக்காரி. உனக்கு வேணும்தானே?"

"வேண்டாம் சார்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன்?"

"ஒவ்வொரு உயிருக்கும் ஒரு அதிசய உறுப்பு இருக்கும், கோணலா இருந்தாலும் அதுதான் காப்பாத்தும்னு டீச்சர் சொன்னாவ. நாலாம் செட்டுல நாப்பது பேர் இருக்காவ. முப்பத்தொம்பது பேருக்கு இமை இருக்கு. எங்க அம்மா கண்ணு மட்டும்தான் கூசும். கூசுனாத்தான் எல்லாரும் வெயிலுக்கு முன்னால வீட்டுக்கு வர முடியும். அப்போ அந்த செட்டுக்கு அதிசய உறுப்பு கூசுற கண்ணுதான சார்? அம்மா கண்ணு கெட்டுக்கிட்டு வருது. அதான் எனக்கு அப்படியே இருக்கட்டும்."

இத்தனை வருஷம் தான் நடத்தியதில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் பாடம் ஏறியிருக்கிறது என்று எப்சிபாவுக்குத் தோன்றியது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை தாங்க முடியாத வேதனையாகவும் இருந்தது.

டாக்டர் சிரிக்க முயன்றார். குரல் தன்மையாகத்தான் வந்தது. "குழந்தை ஏதோ குழப்பிக்குது டீச்சர். 'புரியவில்லை'ன்னு போட்டுடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். பாவம், கண்ணாவது நல்லா இருக்கட்டும்."

கம்பெனிக்கும் அதுதான் வேண்டும், பெற்றவளுக்கும் அதுதான் வேண்டும். தூணோரம் பேச்சித்தாய் கும்பிட்டபடி நின்றாள். சொன்ன வாக்கு இருக்கிறது. ஒரே வார்த்தையில் ஒரு பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றிவிடலாம். எப்சிபா தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"சுடரு, எங்க அம்மா கதை கேட்டேல்ல. நாப்பது வயசுக்கு மேல உனக்கும் அப்படிக் கண்ணு தெரியாமப் போயிரும். அது உனக்குத் தெரியுமாட்டி?"

சுடர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு டீச்சர். ராத்திரி கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன். ரெண்டு தடவ விழுந்துட்டேன். ரொம்பப் பயமா இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா வேண்டாம்."

இருபத்தாறு வருஷத்தில் அந்த மேஜை முன் நின்ற ஒரு பிள்ளைகூடப் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பயப்படும் அளவுக்கு அவர்களுக்கு எதையும் அவள் சொல்லவே இல்லை. இந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று எழுத எப்சிபாவின் கை வரவில்லை. அவள் டீச்சர். அவளால் எல்லாப் பொய்யையும் சொல்ல முடியும். படித்த பிள்ளையைப் படிக்கவில்லை என்று எழுத முடியாது. 'புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

டாக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எப்சிபா வராண்டாவுக்கு வந்தபோது பேச்சித்தாய் கும்பிட்ட கையை இன்னும் பிரிக்கவில்லை.

"என்ன எழுதினிய?"

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"சரின்னு சொன்னியளே டீச்சர்." பேச்சித்தாய் அழவில்லை. முகம் மட்டும் ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடியதாய்த் தொங்கிப்போயிற்று. "உங்களுக்குப் பாடந்தான் பெருசு. எம்பிள்ள படிச்சது சரின்னு எழுதிட்டிய. சந்தோஷம்."

"பேச்சி, அவளுக்குப் புரிஞ்சிருக்கு. நான் எப்படி..."

"புரிஞ்சிருக்கு. எனக்கும்தான் புரியுது. உங்களுக்கு மட்டும் என்ன புரிஞ்சுது?" அவள் நிமிர்ந்து டீச்சரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். "உங்களுக்கும் இமை கிடையாதுல்லா? உங்க கண்ணும் கூசும்லா? பொறவு நீங்க ஏன் எந்த செட்டுலயும் இல்ல?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுடர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்தக் கேள்வி எப்சிபாவோடு பஸ்ஸில் ஏறி வந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தது. வேறொருத்தியாக இருந்தால் நாலு நாளில் மறந்திருப்பாள். அவளும் மறக்கத்தான் பார்த்தாள். பரீட்சைத் தாள்கள் திருத்தினாள், விடுமுறைக்கு ஏற்பாடு செய்தாள். கடைசியில் பள்ளி மூடும் நாளன்று தலைமையாசிரியர் அறைக்குப் போய் விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கே, உடம்புக்கு ஏதாவதா?" என்றார். கண்ணுக்கு வேறு வேலை வந்திருக்கிறது என்று சொன்னாள். அவர் அதைக் கண் ஆபரேஷன் என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

செட்டுக்கு ஆள் எடுப்பது செட்டின் உரிமை என்றும் அந்தப் பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. ஐம்பது வயது டீச்சரை எதற்கு என்று கங்காணி குதித்துப் பார்த்தார். நாலாம் செட்டு அசையவில்லை. பேச்சித்தாய் ஒரு பலகையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள் என்று முறை வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்படிச் செய்தால் பேச்சித்தாயின் கண் இன்னும் சில வருஷம் தாங்கும். சுடர் வளர ஒன்பது வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒப்பந்தம் மாறலாம், ஆள் மாறலாம், கம்பெனி இன்னொரு மருந்து கண்டுபிடிக்கலாம். எதுவும் நிச்சயமில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்த பிறகுதான் அவளுடைய முதல் நாள் வந்தது. விடியுமுன்னே இறங்கினார்கள். பாத்தித் தண்ணீர் எப்சிபாவின் பாதவெடிப்பில் புகுந்து தீயாய்க் காந்தியது. ஏழு மணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பேச்சித்தாய் பத்தே முக்கால் வரை தாங்குகிறாள். தானும் அதுவரை நின்றுவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். எட்டரைக்கு வெயில் வெள்ளைத் தரையில் பட்டு மேலெழும்பியது. சுற்றிலும் ஒவ்வொருவருக்காக இமை விழுந்தது. மின்விசிறிக்கு அடியில் சாக்பீஸைப் பார்த்தே காலம் கழித்த கண் அவளுடையது. பார்க்கும் இடமெல்லாம் ஊசி குத்தியது. கண்ணீர் தாரையாய் வழிந்தது. ஒன்பது மணி தாண்டியதும் பலகை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"பேச்சி, முடியல" என்றாள் அழுதுகொண்டே. "இப்பத்தான் ஒம்பது பத்து ஆகுது. எனக்கு வெக்கமா இருக்கு. நான் எதுக்கும் லாயக்கில்ல."

"வெக்கமா?" பேச்சித்தாய் சேற்றில் சளசளவென்று நடந்து அவளருகே வந்தாள். "வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர். சத்தமாச் சொல்லுங்க."

எப்சிபா சொன்னாள். குரல் பாதியில் கம்மியது. ஆனாலும் கடைசிப் பாத்தி வரை கேட்டது.

நாற்பது பலகைகள் நின்றன. கங்காணி ஓடிவந்து மணியைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். கண்ணை விரித்து விளக்கடித்தார். இமை இல்லை. சிவப்பும் தண்ணீரும்தான். அவருக்குப் போட வேறு கணக்கில்லை. கருவியில் மணியைக் குறித்தார்.

செட்டு கரையேறியது. யார் நினைவிலும் இவ்வளவு சீக்கிரம் ஏறியதில்லை. காற்று இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கொட்டகை நிழலில் ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் பால்நிறம் விலகி, கறுப்பும் பழுப்புமாகக் கண்கள் வெளியே வந்தன. முப்பது முப்பத்தைந்து வயது ஆட்கள், அவளிடம் ஒட்டகப் பாடம் படித்தவர்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். ஒருவன் இப்போதே போனால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரலாம் என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

பேச்சித்தாய் ஈரத்துணியைப் பிழிந்து எப்சிபாவின் இரண்டு கண்ணிலும் வைத்து மெல்ல அழுத்தினாள். மகளுக்குச் செய்வதுபோலத்தான் செய்தாள். கோபம் போயிற்றா இல்லையா என்று அந்தக் கையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஒம்பது பத்து!" என்றாள். "உங்க கண்ணு மாதிரி ஒரு கண்ணு இந்த அளத்துல கிடையாது. இருபத்தாறு வருஷமா எங்க டீச்சர் இருந்திய?"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எப்சிபா துணியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.